வரப்பில் நின்றவள்

சென்னை
9-7-2024

அன்புள்ள மங்கை அக்கா,

இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். அம்மாவுக்கு மட்டும் மாடிப்படி ஏறும்போது முட்டி வலிக்கிறது. பெரியம்மா எப்படி இருக்கிறார்? உன் தம்பி பார்த்திபன் ஒழுங்காக வேலைக்குப் போகிறானா? குவைத்தில் மாமா நலமா? அந்த வெயிலில் எப்படித்தான் வேலை செய்கிறாரோ என்று அம்மா தினமும் சொல்கிறாள்.

போனிலேயே கேட்டிருக்கலாம். உன் வீட்டில் போன் எடுத்தால் இரண்டு பக்கமும் இரண்டு காது வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று நீதான் சொல்வாய். அதுவும் தவிர, நான் ஹாஸ்டலில் இருந்த நாளிலிருந்து நமக்குள் இருக்கும் கடிதப் பழக்கம் இது. விட மனமில்லை.

நான் சேர்ந்திருக்கும் 'ஈரக்குரல்' பற்றிச் சொன்னேன் அல்லவா? ஒரே அறை, மூன்று பேர். ஊர் ஊராகப் போய்ப் பாட்டுக்காரர்களைப் பதிவு செய்து இசைத்தட்டாகப் போடுகிறோம். முந்நூறு தட்டு அச்சடித்துவிட்டு, பிறகு இணையத்திலும் ஏற்றுவோம். நடத்துபவர் இளவரசன். அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மேடைப் பாட்டைத் தொட மாட்டார். வேலை செய்கிறவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே பாட வேண்டும்.

பெரியம்மாவின் நடவுக் கும்பலைப் பற்றி வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து விடமாட்டேன் என்கிறார். எனக்கு இது முதல் பதிவாக இருக்கும் அக்கா. பெரியம்மாவிடம் கேட்டு எழுது.

உன் தங்கை,
பாரதி


செஞ்சி
17-7-2024

அன்புள்ள பாரதிக்கு,

உன் கடிதம் நான் வேலை பார்க்கும் நூலக முகவரிக்கே வந்து சேர்ந்தது. சின்னம்மாவை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். இங்கே எல்லோரும் நலம். அவரும் நலம். நேற்றுகூடப் பேசினார். அங்கே ஐம்பது டிகிரியாம்.

அம்மாவிடம் சொன்னேன். "பொட்டிய எதிர வச்சிகினு பாடுன்னா வாய் கட்டிக்கும்டி" என்றாள். அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டுத் திரும்பி வந்து, "போட்டோ கூட புடிப்பாளாமா? அப்ப அந்த மாம்பழக்கலர் சீலய கட்டிக்கறேன்" என்றாள். சம்மதம் என்று எடுத்துக்கொள்.

ஆனால் ஒன்று. உன் அம்மாவும் கல்யாணத்துக்கு முன் இதே வரிசையில் நட்டவள்தான். அவள் சொல்லி உனக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் எழுதுகிறேன். நடவில் ஊர்ப் பாட்டு கொஞ்ச நேரம்தான். வெயில் ஏறினால் அவரவர் வீட்டுக் கதை வந்துவிடும். வெளியே யாரிடமும் சொல்ல முடியாததை நாற்றிடம் சொல்வதுபோல் ஒருத்தி பாடுவாள், மற்றவர்கள் பின்பாட்டாக வாங்கிக்கொள்வார்கள். கரையேறி வாய்க்காலில் கால் கழுவியதும் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. பாடியவளிடம்கூட அதைப்பற்றிக் கேட்கக் கூடாது. இத்தனை வருஷமாக அம்மா நடவுக்குப் போகிறாள். சேற்றுக்குள் என்ன பாடினார்கள் என்று ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை.

அதனால் வெளியே விடும் முன்பு முழுப் பதிவையும் எனக்கு அனுப்ப வேண்டும். வீட்டுக் கதை வரும் இடங்களைக் குறித்துத் தருகிறேன். நீ அவற்றை அழித்துவிட வேண்டும். ஒரு வரி வெளியே போனாலும் கும்பலில் இருக்கும் பதினொரு பேரில் ஒருத்தி தெருவில் நடக்க முடியாமல் போகும். இதற்கு நீ வாக்குக் கொடுத்தால் வா.

பிரியமுள்ள அக்கா,
மங்கை


சென்னை
25-7-2024

அன்புள்ள அக்கா,

பெரியம்மா சேலைக்கலர் வரை யோசித்துவிட்டார் என்று படித்ததும் அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. இங்கே நலம்.

வாக்குக் கொடுக்கிறேன். நீ கேட்காமல் ஒரு வரி வெளியே போகாது. இது உனக்கும் எனக்கும் நடுவில்.

ஆகஸ்டு 28, புதன்கிழமை வருகிறேன். தனியாகத்தான் வருவேன், கூட்டம் சேர்த்தால் அவர்கள் பாட மாட்டார்கள். சேற்றில் இறங்க முடியாது. கருவியில் தண்ணீர் பட்டால் அதோடு என் வேலையும் போகும். வரப்பிலேயே நின்றுகொண்டு எடுத்துவிடுகிறேன்.

மாமாவிடம் நான் ரொம்பக் கேட்டதாகச் சொல். அடுத்த முறை வரும்போது எனக்கு சென்ட் பாட்டில் வேண்டும் என்றும் சொல்.

பாரதி


செஞ்சி
4-9-2024

அன்புள்ள பாரதிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? நீ போன் செய்யாததால் கேட்கிறேன். அன்று ஆறரை மணி பஸ்ஸில் நான் வந்துவிடுவேன், கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று சொல்லியிருந்தேன். நான் வந்தபோது உனக்கென்று போட்ட தட்டு அப்படியே இருந்தது. "மூஞ்சியே செரியில்ல அவளுக்கு. மெட்ராஸ் ஒடம்பு, வெயிலு ஒத்துக்கல போல. டீயக்கூட பாதில வச்சிட்டு ஓடிட்டா" என்றாள் அம்மா.

மற்றபடி அம்மாவுக்குச் சந்தோஷம். நீ காதில் பெரிய கவசத்தை மாட்டிக்கொண்டு வரப்பில் கொக்கு மாதிரி நின்றாய் என்று கலைச்செல்வி அக்கா தெருவில் நடித்துக் காட்டினாள். "எறங்குடி, சேறு கடிக்காதுன்னு சொல்றேன், சிரிச்சிகினே நிக்கறா" என்றாள். பிறகு வழக்கம்போல, "இன்னாடி, கொவைத்துக்காரரு தீவாளிக்கு வராரா?" என்று கேட்டாள். லீவு கிடைப்பது சந்தேகம் என்றேன். "பாவம், வெளிநாட்டுப் பொழப்பு" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

பதிவை எப்போது அனுப்புகிறாய்?

மங்கை


சென்னை
23-9-2024

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அன்று வெயில்தான். சொல்லிக்கொள்ளாமல் வந்ததற்கு மன்னித்துவிடு.

பதிவு நன்றாக வந்திருக்கிறது. நான் நினைத்ததைவிட நன்றாக. ஆறு மணி நேரப் பதிவு என்பதால் சுத்தம் செய்ய நாளாகும்.

இத்துடன் ஒரு ஒப்புதல் தாள் வைத்திருக்கிறேன். பதினொரு பேரிடமும் கையெழுத்து வாங்கி அனுப்பினால் உதவியாக இருக்கும். அலுவலக வழக்கம், வேறொன்றுமில்லை.

பெரியம்மாவையும் பார்த்திபனையும் கேட்டதாகச் சொல். நீ உடம்பைப் பார்த்துக்கொள் அக்கா. நேரத்துக்குச் சாப்பிடு.

பாரதி


செஞ்சி
10-10-2024

அன்புள்ள பாரதிக்கு,

கையெழுத்துத் தாள் இத்துடன் இருக்கிறது. மூன்று பேர் பெருவிரல் வைத்தார்கள். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். விருத்தாம்பாள் அத்தை தன் பெயரை எழுத கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாள். "ரேஷன் கார்டுக்குக்கூட இவ்ளோ பொறுமையா போட்டதில்லடி" என்று கைவிரலை உதறினாள்.

தாளைப் படித்தேன். 'அன்றைய பதிவு முழுவதும்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. நீ எனக்குச் சொன்னது இருக்கும்போது தாளில் என்ன இருந்தால் என்ன என்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு வீட்டிலும், "நான் கேட்டுப் பார்த்த பிறகுதான் வெளியே வரும்" என்று சொல்லித்தான் வாங்கினேன். என்னை நம்பித்தான் போட்டிருக்கிறார்கள்.

ஒரு நல்ல செய்தி. பார்த்திபனுக்கு மேல்சித்தாமூர்ப் பக்கம் ஒரு பெண் பேசியிருக்கிறது. பெயர் ஷோபனா, நர்ஸிங் படித்தவள். மாசியில் நிச்சயம் வைக்கலாம் என்கிறார்கள். சின்னம்மாவுக்கு இப்போதே சொல்லிவிடு.

அவர் நலமாக இருக்கிறார். பதிவுக்காகக் காத்திருக்கிறேன்.

மங்கை


செஞ்சி
12-12-2024

அன்புள்ள பாரதிக்கு,

புயல் மழையில் இங்கே எல்லாம் தண்ணீர். அம்மா கும்பல் நட்ட வயல் மூன்று நாள் முழுகிக் கிடந்தது. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. சென்னையில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

என் போன கடிதத்துக்கு இரண்டு மாதமாகப் பதில் இல்லை. தபால் தொலைந்ததோ என்று நினைத்துக்கொண்டேன். போன் செய்தால், மீட்டிங்கில் இருக்கிறேன் என்று குறுஞ்செய்தி அனுப்புகிறாய். பதிவை பென்டிரைவில் போட்டு அனுப்பினால் போதும். சுத்தம் செய்யாவிட்டாலும் பரவாயில்லை.

மங்கை


சென்னை
27-1-2025

அன்புள்ள அக்கா,

அனைவரும் நலம் என்று நினைக்கிறேன்.

இந்தப் பார்சலில் இசைத்தட்டு இருக்கிறது. அச்சகத்தில் திடீரென்று தேதி கிடைத்ததால் எல்லாம் வேகமாக நடந்துவிட்டது. உறையில் பெரியம்மா படம். மாம்பழக்கலர் அழகாக விழுந்திருக்கிறது. பதினொரு பேர் பெயரும் பின்னால் இருக்கிறது. அதில் மட்டும் நான் உறுதியாக நின்றேன்.

நான் நேரில் வந்து பேச வேண்டும். நான் வரும்வரை இணையத்தில் எதையும் கேட்காதே அக்கா.

பாரதி


செஞ்சி
16-2-2025

பாரதிக்கு,

தட்டு வந்தது. இந்தத் தெருவில் தட்டு ஓட்டும் கருவி யாரிடமும் இல்லை. அம்மா உறையைத் துடைத்து டிவிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தாள். நீ வருவாய் என்று நானும் காத்திருந்தேன். நீ கேட்காதே என்று சொன்னதால் கேட்கவும் இல்லை.

கடந்த திங்கட்கிழமை நூலகம் முடிந்து அவலூர்பேட்டை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் ஒரு கல்லூரிப் பெண் போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தாள். திடீரென்று அம்மா குரல் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு, இது என் அம்மா என்று சொல்லப் போனேன். கை பாதியில் நின்றது.

*கொவைத்துல மருமவன்னு கூடிநிக்க சொல்லிவச்சேன்*
*ஓசூரு தெருவுலதான் ஒரு புள்ள தூக்குறானே*
*பறிச்ச நாத்து வேற வயல் பச்ச புடிச்சி நிக்குதடி*
*பறிச்சு நட்ட எம்மவதான் வேரோட வந்தாளே*

ஒவ்வொரு வரிக்குப் பிறகும் பத்துக் குரல், "ஆமாண்டி அக்கா ஆமா" என்று வாங்கியது. விருத்தாம்பாள் அத்தையின் மூக்குக்குரல் தனியாகக் கேட்டது. கலைச்செல்வி அக்கா நடுவில் இருமினாள்.

இனி உனக்கு மறைக்க ஒன்றுமில்லை. அவர் குவைத்தில் இல்லை. போனதே இல்லை. ஓசூரில் அவருக்கு வேறு குடும்பம் இருக்கிறது. கல்யாணமான ஏழாம் மாதம் தெரிந்துகொண்டு திரும்பி வந்தேன். பார்த்திபனுக்கு ஒரு இடம் அமையும்வரை இப்படிச் சொல்லி வைப்போம் என்று அம்மா தொடங்கினாள். இரண்டரை வருஷமாகி விட்டது. ஐம்பது டிகிரி வெயில் என்று உனக்கு நான் எழுதியதெல்லாம் செய்தித்தாளில் பார்த்தது.

ஆனால் நான் பொய் சொன்ன தெருவுக்கு உண்மை முன்பே தெரியும். அம்மா சேற்றில் பாடியிருக்கிறாள், பத்துப் பேரும் கேட்டிருக்கிறார்கள். கரையேறிக் கால் கழுவிக்கொண்டு வந்து, என்னிடம் தீபாவளிக்கு வருகிறாரா என்று கேட்டிருக்கிறார்கள். நான் கஷ்டப்பட்டுக் கட்டிய பொய் என்று நினைத்தேன். அவர்கள்தான் அதை இத்தனை நாள் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள்.

அதை நீ எடுத்துவிட்டாய். இப்போது தெருவில் யாரும் அவரைப்பற்றிக் கேட்பதில்லை. என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். போனில் வந்த பாட்டைக் கேட்டுவிட்டு மேல்சித்தாமூரிலிருந்து பெண் வீட்டுப் பெரியவர்கள் வந்தார்கள். "ஒரு கொறையுமில்ல, பொய் சொன்ன ஊடுன்றதுதான்" என்று சொல்லி, காபியைத் தொடாமல் எழுந்து போனார்கள். பார்த்திபன் அன்றைக்கு வெளியே போனவன் மறுநாள்தான் வந்தான்.

உன் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஆகஸ்டு வரை ஒவ்வொன்றிலும் மாமா நலமா என்று இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றிலும் இல்லை. வரப்பில் நிற்கும்போதே உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் ஒப்புதல் தாளை என் கையில் கொடுத்து வீடு வீடாக அனுப்பினாய்.

அம்மாவோடு மூன்று நாள் நான் பேசவில்லை. என் கதையை ஏன் பாடினாய் என்று கேட்க வாய்வரை வந்தது. பாடினவளைக் கேட்கக் கூடாது. கேட்கவில்லை. நான்காம் நாள் அவளாகவே உன்னைப்பற்றிச் சொன்னாள். "அவமேல இன்னாத்துக்குடி கோவப்படற? அவ எறங்கவே இல்லயே. வரப்புமேலயே நின்னா. கால் நனையாதவ எத கழுவிட்டுப் போவா? நாங்கதான் பாட்டு சுகத்துல அத கவனிக்கல."

இது அம்மா உன்னை மன்னித்த விதம். எனக்கு அது வரவில்லை.

மங்கை


சென்னை
3-3-2025

அன்புள்ள அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அந்தப் பாட்டு காதில் விழுந்ததும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். பதிவை நிறுத்தியிருக்க வேண்டும். கை வரவில்லை. உன்னைப் பார்க்க முடியாமல்தான் சாப்பிடாமல் ஓடிவந்தேன். முதலில் அந்த இடத்தை வெட்டிவிட்டுத்தான் கொடுத்தேன். இளவரசன் முழுப் பதிவையும் எடுத்துக் கேட்டிருக்கிறார். "இதுதான் தட்டு. மத்ததெல்லாம் வெறும் உறை" என்றார். வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். "யார் பேரும் அதுல இல்லயே" என்றார்.

அவர்மேல் பழியைப் போட்டுவிடலாம். ஆனால் உண்மை அதுவல்ல. எனக்கும் அது வேண்டும் என்று இருந்தது. என் முதல் தட்டில் அது இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பெயர் இல்லை, ஊர் இல்லை, செஞ்சியில் யார் இதைக் கேட்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்கு எழுத உட்காரும்போதெல்லாம் பேனாவை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

எங்கள் பக்கத்திலிருந்து அந்தப் பாட்டை எடுத்துவிட்டோம். மற்றவர்கள் எடுத்துப் போட்டதை ஒன்றும் செய்ய முடியவில்லை. அம்மா என்னோடு பேசுவதில்லை. சோறு போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். அவளும் அந்த வரிசையில் நட்டவள்தானே.

என்னைத் திட்டியாவது ஒரு கடிதம் போடு.

பாரதி


சென்னை
20-7-2025

அன்புள்ள அக்கா,

பெரியம்மா, பார்த்திபன், நீ, மூவரும் நலமா? ஐந்து மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

தட்டு முந்நூறும் போய்விட்டது. மறுபடி அச்சடிக்கக் கேட்கிறார்கள். டிசம்பரில் இங்கே ஒரு விழாவில் பெரியம்மா கும்பல் பாட வேண்டும் என்று அழைப்பு வந்திருக்கிறது. மேடையே கூடாது என்கிற இளவரசன் இதற்கு மட்டும் சரி என்றுவிட்டார். அந்தப் பாட்டு வேண்டாம், வேறு எது வேண்டுமானாலும் பாடலாம். பெரியம்மாவுக்கு ஒரு மரியாதை கிடைக்கும் அக்கா. அதையாவது நான் செய்கிறேன். பெரியம்மாவிடம் கேட்டு ஒரு வரி எழுதினால் போதும்.

பாரதி


செஞ்சி
31-8-2025

பாரதிக்கு,

சின்னம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அழைப்பைப் படித்துக் காட்டினேன். "மேடைல ஏறிப் பாடலாம். எறங்கி எங்கடி கால் கழுவறது?" என்றாள் அம்மா. இதையே பதிலாக எடுத்துக்கொள்.

இந்த ஆண்டு ராஜாங்கம் நிலத்தில்தான் முதல் நடவு. பம்ப்செட் கொட்டகையில் எல்லோரும் போனை வைத்துவிட்டுத்தான் இறங்குகிறார்கள். அப்படியும் யாருக்கும் வாய் வரவில்லை. நாற்றை ஊன்றுவதும் வரப்பைத் திரும்பிப் பார்ப்பதுமாக இரண்டு நாள் பேசாமலே நட்டிருக்கிறார்கள். பாட்டு இல்லாவிட்டால் கை ஒன்றுபோல் இறங்காது. ராஜாங்கம் வந்து பார்த்துவிட்டு, "இன்னா மீனம்பா, வரிசை பாம்பாட்டம் போவுது" என்று கேட்டிருக்கிறார். அம்மா, "கண்ணு தெர்ல மொதலாளி" என்று சொல்லிவிட்டாள்.

நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை, நூலகத்துக்கு விடுமுறை. நானும் போனேன். இருபத்தெட்டு வயதில் முதல்முறையாகச் சேற்றில் இறங்கினேன். முழங்கால்வரை போனது. ஒரு காலை எடுத்தால் இன்னொன்று மாட்டிக்கொண்டது. அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தாள். விருத்தாம்பாள் அத்தை நகர்ந்து இடம் விட்டு, ஒரு முடி நாற்றைப் பிரித்து என் கையில் கொடுத்தாள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. யாரும் பாடவில்லை. நான் எடுத்தேன். எனக்குக் குரல் கிடையாது என்று உனக்குத் தெரியும். முதல் வரிக்கு யாரும் வாங்கவில்லை. இரண்டாவதற்கு அம்மா மட்டும் வாங்கினாள். மூன்றாவதற்குப் பத்துப் பேரும், "ஆமாண்டி மங்கை ஆமா" என்றார்கள். மாலைவரை பாடினோம்.

கரையேறி வரிசையாக வாய்க்காலில் இறங்கினோம். திரும்பி நடக்கும்போது கலைச்செல்வி அக்கா என் பக்கத்தில் வந்தாள். பிறகு, "கோட்டைக்கு இவ்ளோ கூட்டம் வருதே, உங்க லைப்ரரிக்கு எவனாச்சும் வரானாடி?" என்று கேட்டாள். மழை பெய்தால் ஒதுங்குவதற்கு வருகிறார்கள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பிப்ரவரிக்குப் பிறகு அந்தத் தெருவில் என்னைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

தட்டைத் திருப்பி அனுப்புகிறேன். உறையில் படம் நன்றாக இருக்கிறது என்று அம்மா அதை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

நான் பாடியது உன்னைப் பற்றித்தான். என்ன பாடினேன் என்று கேட்டு எழுதாதே. கால் கழுவிவிட்டேன்.

மங்கை